கிளட்சை ஞெக்கி ஞெக்கிக் கை கழன்று போகிறதா?

நாகர்கோவிலில் இருந்து மார்த்தாண்டத்துக்கு முப்பது கிலோமீட்டர் சொச்சம்தான். அதற்குள் கிளட்சை எத்தனை தடவை பிடித்து விடுகிறோம் என்று ஒருநாள் எண்ண ஆரம்பித்தேன். வடசேரியில் தொடங்கி சுங்கான்கடை வருவதற்குள் எண்பதைத் தாண்டிவிட்டது, அதற்கு மேல் பொறுமையில்லை. அப்புறமும் வில்லுக்குறி, தக்கலை, அழகியமண்டபம், சாமியார்மடம் என்று ஜங்ஷன் ஜங்ஷனாகக் கிடக்கிறதே. என்னுடையது பழைய 350 சிசி பைக். தக்கலையில் நிறுத்தி டீ வாங்கினால் கிளாசை வலது கையால்தான் பிடிப்பேன். இடது கையில் பெருவிரல் அடியில் இருந்து முழங்கை வரைக்கும் ஒரு கடுப்பு, விரல்கள் தந்தி அடிக்கும்.

யாரிடம் சொன்னாலும் ஒரே பதில்தான், பெரிய வண்டி என்றால் அப்படித்தான் இருக்கும், பழகிவிடும். இரண்டு வருடம் நானும் அதை நம்பிக்கொண்டு ஓட்டினேன். நடுவில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் கிளட்ச் பிளேட்டை மாற்றச் சொல்லி, பிளேட்டோடு ஸ்பிரிங்கும் மாற்றி, இன்னொரு ஒர்க்‌ஷாப்பில் புது லிவர் போட்டு, காசு போனதே தவிர கை வலி போகவில்லை. கடைசியில் திங்கள்சந்தைப் பக்கம் ஒரு சின்ன ஷெட்டில், வண்டியைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் ஒரு ஆசான் சொன்ன வார்த்தைதான் இந்த மொத்தக் கட்டுரையும்: “மொதல்ல கேபிள எஞ்சின்ல இருந்து கழத்திப் போட்டு ஞெக்கிப் பாரு மக்கா. அப்பவும் கட்டியா இருந்தா எஞ்சின்ல எதையும் தொடாத.”

பாரம் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் சாமான் மாற்றக்கூடாது, அவ்வளவுதான் விஷயம். கையால் பிடிக்கிற லிவர், கேபிள், எஞ்சினுக்குள் ஸ்பிரிங்கால் பிளேட்டுகளை அழுத்திப் பிடித்திருக்கும் கிளட்ச் என மூன்று இடம். இந்த மூன்றில் எது என்று பார்க்கப் பத்து நிமிஷம் போதும், ஒரு ஸ்பேனரும் ஒரு கட்டிங் பிளேயரும் இருந்தால் சரி.

எஞ்சின் ஆறின பிறகு செய்யுங்கள். லிவர் பக்கத்தில் கேபிள் நுழைகிற இடத்தில் ஒரு அட்ஜஸ்டரும் அதைப் பூட்டுகிற வட்டமான லாக் நட்டும் இருக்கும். லாக் நட்டைத் தளர்த்தி, அட்ஜஸ்டரை முழுசாக உள்ளே திருகிவிடுங்கள், கேபிள் தொங்கலாகிவிடும். இப்போது கீழே எஞ்சின் பக்கம் போய் கேபிள் இழுத்தால் திரும்புகிற சின்னக் கை போன்ற கிளட்ச் ஆர்மில் இருந்து கம்பி முனையைக் கழற்றுங்கள். கீழேயும் ஒரு அட்ஜஸ்டர் இருந்தால் அதையும் தளர்த்த வேண்டியிருக்கும். அது முதலில் எவ்வளவு வெளியே நின்றது என்று செல்போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பிறகு மண்டையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம். கழற்றியாகிவிட்டதா? இனி மேலே லிவரை ஒற்றை விரலால் இழுங்கள். ஒன்றுமே இல்லாதது போல வர வேண்டும், கீழே கம்பி முனையைச் சுண்டி இழுத்தால் லிவர் சடக்கென்று திரும்பிப் போக வேண்டும். இழுக்கும்போது கரகரவென்று உரசினாலோ, பாதியில் நின்றாலோ, ஸ்பிரிங்கைக் குறை சொல்லிப் பயனில்லை, கேபிளும் லிவரும்தான் உங்கள் கையைத் தின்கின்றன.

அப்புறம் கிளட்ச் ஆர்மைக் கையால் அசைத்துப் பாருங்கள். முதல் கொஞ்ச தூரம் லூசாக வரும், பிறகு கெட்டியாகும், அந்தக் கெட்டி ஸ்பிரிங்கின் பலம், அது இருக்கத்தான் செய்யும். கையால் முடியவில்லை என்றால் பிளேயரால் பதமாகப் பிடித்துத் தள்ளலாம். ஒரே சீராகத் தள்ள வருகிறதா, இல்லை பிடித்து நின்று அப்புறம் குதிக்கிறதா என்பதுதான் கேள்வி. குதித்தால் ஆர்ம் நிற்கிற தண்டு துருப்பிடித்திருக்கலாம், உள்ளே கிளட்சைத் தள்ளிப் பிரிக்கிற புஷ் ராடின் முனை தேய்ந்திருக்கலாம்.

கை உணர்ச்சி ஏமாற்றும் என்பதால் நான் இன்னொன்றும் செய்தேன். மீன் எடை போடுகிற கொக்கித் தராசு ஒன்று வீட்டில் கிடந்தது. லிவர் நுனியில் இருந்து இரண்டு விரல் உள்ளே இன்சுலேஷன் டேப் ஒட்டி, அந்த இடத்தில் கொக்கியை மாட்டி, ஹேண்டில்பாரை நோக்கி இழுத்து, பாதி தூரத்தில் முள் எங்கே நிற்கிறது என்று பார்த்தேன். ஆறு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. இதை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிவைத்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்கினேன். ஒவ்வொரு வேலைக்கும் பிறகு எத்தனை குறைந்தது என்று தெரிந்தால் எதில் பலன், எதில் வெறும் மனத் திருப்தி என்று தெரிந்துவிடும்.

சரி, லிவரில் இருந்து ஆரம்பிப்போம், அதுதான் செலவில்லாதது. லிவரைத் தாங்குகிற போல்ட்டைக் கழற்றுங்கள். அடியில் ஒரு நட்டு இருக்கும், அதைத் தொலைத்துவிடாதீர்கள். என் வண்டியில் போல்ட்டை உருவியபோது கறுப்பாக, குழைத்த களிம்பு போல ஒன்று ஒட்டிக்கொண்டு வந்தது. பழைய கிரீசும் ரோட்டுப் புழுதியும் சேர்ந்து அரைபட்டது. லிவருக்குள் போல்ட் நுழைகிற வளையம், அதாவது புஷ், ஒரு பக்கம் தேய்ந்து முட்டை வடிவமாக இருந்தது. லிவரை மேலும் கீழும் ஆட்டினால் நுனி லொடலொடவென்று ஆடுகிறதென்றால் உங்களுடையதும் அதுதான். டீசலில் நனைத்த துணியால் துடைத்து, புஷ் மோசமென்றால் மாற்றி, மெலிசாகக் கிரீஸ் தடவி மாட்டுங்கள். அள்ளி அப்பினால் மண் ஒட்டும், மூன்று மாதத்தில் பழைய கதைதான். மாட்டும்போது போல்ட்டை மூச்சு முட்ட முறுக்கக்கூடாது, பிராக்கெட் லிவரை நெருக்கிப் பிடித்துக்கொள்ளும். லிவர் தாராளமாக ஆடுகிற அளவுக்குப் போல்ட்டை வைத்துவிட்டு அடி நட்டைத்தான் இறுக்க வேண்டும்.

இதே இடத்தில் கம்பி முனையில் உலோகக் குண்டு ஒன்று இருக்கும். லிவரை இழுக்க இழுக்க அந்தக் குண்டு தன் குழிக்குள் சுழல வேண்டும். காய்ந்துபோய்ச் சுழலாமல் நின்றுவிட்டால் ஒவ்வொரு இழுப்புக்கும் கம்பி அந்தக் கழுத்திலேயே மடிந்து மடிந்து ஒவ்வொரு இழையாக அறும். கேபிள் எப்போதும் முனையில் அறுவதற்குப் பாதிக் காரணம் இதுதான். ஒரு விரல் நுனி கிரீஸ் அந்தக் குழிக்கு.

இனி, லிவரை எங்கே பிடிக்கிறோம் என்பதைப் பலர் யோசிப்பதே இல்லை. கிளட்ச் லிவரும் கடப்பாரை மாதிரிதான், முனைக்குப் போகப் போகப் பலம் குறைவாகப் போதும். போல்ட்டில் இருந்து 8 சென்டிமீட்டர் தள்ளிப் பிடிக்கும்போது 10 கிலோ இழுக்க வேண்டுமென்றால், 11 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்தால் ஏழேகால் கிலோ சொச்சம் போதும், கணக்குதான், மந்திரம் இல்லை. கை ஹேண்டில்பாரில் உள்ளே தள்ளி உட்கார்ந்தால் இரண்டு விரலால் லிவரின் நடுவைப் பிடிக்கப் பழகிவிடுகிறோம். லிவர் பிராக்கெட்டின் கிளாம்ப் போல்ட்டைத் தளர்த்தி மொத்தத்தையும் ஹேண்டில்பாரின் நடுப்பக்கமாக ஒரு சென்டிமீட்டர் நகர்த்திப் பாருங்கள், விரல்கள் தானாக முனைக்கு வந்துவிடும். ஸ்விட்ச் பெட்டியும் கண்ணாடியும் அதற்கு இடம் விட்டால் சரி. அப்படியே கோணத்தையும் பாருங்கள். வண்டியில் உட்கார்ந்து விரல்களை நீட்டினால் முழங்கையில் இருந்து விரல் நுனி வரை ஒரே கோடாக இருக்க வேண்டும். மணிக்கட்டு மேல்நோக்கி மடிந்திருந்தால் லிவரைக் கொஞ்சம் கீழே சாய்க்க வேண்டும். இந்த நேரத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன். சிவப்பு, நீலம் என்று குட்டை லிவர் விற்கிறார்களே, இரண்டு விரலுக்கு மட்டும் இடமுள்ளது, அது லேசான கிளட்ச் உள்ள வண்டிக்கு அழகு. நம் வண்டிக்கு அதைப் போட்டால் கையைக் காசு கொடுத்துக் கெடுத்துக்கொள்வதுதான். அழகாக இருந்தது என்பதை மறுக்கவில்லை, நானும் ஒன்று வாங்கியவன்தான், அலமாரியில் கிடக்கிறது.

லிவர் வேலை முடிந்து தராசை மாட்டினால் கால் கிலோதான் குறைந்திருந்தது. பெரிய குற்றவாளி கேபிள்.

வண்டியில் ஃபாக் லைட் மாட்டியபோது வயரிங் செய்தவர், நல்ல எண்ணத்தில்தான், ஹெட்லைட்டுக்குப் பின்னால் ஓடுகிற எல்லா வயரையும் ஒன்றாகச் சேர்த்து பிளாஸ்டிக் டேக் போட்டு இறுக்கியிருந்தார். அந்தக் கட்டுக்குள் கிளட்ச் கேபிளும் மாட்டியிருந்தது. மேலே இருந்து பார்த்தால் தெரியாது. டேங்கைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தபோதுதான் கேபிள் ஃபிரேமின் கழுத்துப் பக்கம் கிட்டத்தட்ட ‘ட’ எழுத்து மாதிரி மடிந்து, மேல் உறையில் டேக் பதிந்த தடம் வெள்ளையாகத் தெரிந்தது. கட்டிங் பிளேயரால் அந்த டேக்கை நறுக்கினேன். டக் என்று ஒரு சத்தம், கேபிள் தானாக ஒரு அங்குலம் நிமிர்ந்தது. லிவரைப் பிடித்துப் பார்த்தேன். இரண்டு வருடமாக நான் பழகிய கிளட்ச் இது இல்லை.

வளைவு ஏன் இவ்வளவு பாடு படுத்துகிறது என்றால், குளச்சலிலோ முட்டத்திலோ வள்ளம் கட்டுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். கயிற்றைக் குற்றியில் இரண்டு சுற்று சுற்றிவிட்டு நுனியை ஒரு ஆள் சும்மா பிடித்துக்கொண்டு நிற்பார், அலை எவ்வளவு இழுத்தாலும் வள்ளம் அசையாது. சுற்று கூடக் கூட உரசல் கூட்டலாக ஏறாது, பெருக்கலாக ஏறும். கேபிளுக்குள்ளும் அதே கதை, அங்கே குற்றிக்குப் பதிலாக உறையின் உட்சுவர். ஆகவே கேபிளுக்கு எண்ணெய் விடுவதற்கு முன்னால் அது போகிற வழியைப் பாருங்கள். பெரிய, சோம்பேறித்தனமான வளைவுகள் மட்டும் இருக்க வேண்டும். உயரமான ஹேண்டில்பார் போட்டவர்கள் பழைய நீளக் கேபிளையே இழுத்து மாட்டியிருந்தால் அதுவும் இதே வியாதிதான். பார்த்து முடித்ததும் வண்டியை ஸ்டார்ட் செய்து நியூட்ரலில் வைத்து ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்புங்கள், கேபிள் எங்கேயும் விறைக்கக்கூடாது, லிவரில் இருக்கிற லூஸ் மாறக்கூடாது.

அடுத்து எண்ணெய். நம் மாவட்டத்துக்கு ஜூன் மாதத்தில் ஒரு மழை, ஐப்பசி கார்த்திகையில் இன்னொரு மழை, இரண்டு பருவமும் உண்டு. கடற்கரைப் பக்கம் இருந்தால் உப்புக் காற்று வேறு. மேல்முனை வழியாகத் தண்ணீர் உறைக்குள் இறங்கி உள்ளேயே உட்கார்ந்துகொள்ளும். கேபிளின் மேல்முனையை லிவரில் இருந்து விடுவித்து, ஒரு பால் கவரின் மூலையைச் சின்னதாக வெட்டி, அதற்குள் கேபிள் முனையை நுழைத்து இன்சுலேஷன் டேப்பால் இறுக்கிச் சுற்றுங்கள், ஒரு புனல் ஆகிவிட்டது. அதில் இரண்டு ஸ்பூன் மெல்லிய எண்ணெய், தையல் மெஷினுக்கு விடுகிறது போதும், ஊற்றிவிட்டுக் கம்பியை மேலும் கீழும் மெதுவாக ஆட்டுங்கள். கீழ்முனைக்கு அடியில் ஒரு பழைய துணி. முதலில் வடிவது துருக் கலரில் இருக்கும், எனக்கு மீன் குழம்பு நிறத்தில் வந்தது. தெளிவாக வரும்வரை விட்டுக்கொண்டிருங்கள். ராத்திரி முழுக்க அப்படியே தொங்கவிட்டால் இன்னும் நல்லது. ஊசி போடுகிற சிரிஞ்ச் இருந்தால் வேலை இன்னும் சுத்தம்.

கிரீஸ் வேண்டாம், உள்ளே போய்க் கட்டிக்கொள்ளும். இப்போது வருகிற பல கேபிள்களில் உறைக்குள் வழுவழுப்பான பிளாஸ்டிக் குழாய் ஒன்று இருக்கிறது, அதில் கிரீஸ் போட்டால் இருக்கிற வழுவழுப்பும் போச்சு. துரு நீக்குகிற ஸ்பிரே அழுக்கைக் கழுவ நல்லது, ஆனால் சீக்கிரம் காய்ந்துவிடும், அதற்குப் பிறகு எண்ணெய் விட்டே ஆக வேண்டும். அப்புறம் தேங்காய் எண்ணெய். நம் ஊரில் கதவுக் கீலில் இருந்து தலைமுடி வரை எல்லாவற்றுக்கும் அதுதானே. கேபிளுக்கு மட்டும் வேண்டாம். 24 டிகிரிக்குக் கீழே போனால் உறைந்துவிடும், மார்கழிக் காலையில் பேச்சிப்பாறைப் பக்கம் வண்டி எடுக்கிறவர்கள் பிறகு என்னைத் திட்டக்கூடாது.

கம்பியை விரலால் தடவும்போது எங்காவது சுருக்கென்று குத்தினால் ஒரு இழை அறுந்திருக்கிறது என்று அர்த்தம். அதற்கு எண்ணெய் விட்டு உபயோகமில்லை, மாற்றிவிடுங்கள், சில நூறு ரூபாய்தான். கடையில் பழைய கேபிளைக் கையில் வைத்து நீளம் ஒத்துப் பார்த்து வாங்குங்கள், கம்பெனி ஒரிஜினலாக இருந்தால் நிம்மதி. பழையதை உருவுவதற்கு முன் அதன் ஒரு முனையில் தூண்டில் நரம்பைக் கட்டிவிட்டு உருவினால், நரம்பு கேபிள் போன வழியிலேயே தங்கிவிடும், அதில் புதுக் கேபிளைக் கட்டி இழுத்தால் டேங்கைக் கழற்றாமலே வேலை முடியும். தூரப் பயணம் போகிறவர்கள் இன்னொரு கேபிளை ஓடுகிற கேபிளோடு சேர்த்தே வழிவிட்டு முனைகளை மட்டும் டேப் சுற்றி வைத்திருப்பார்கள். நடுக்காட்டில் அறுந்தால் ஐந்து நிமிஷ வேலை.

மாட்டிய பிறகு லூஸ் வைப்பது. லிவர் பிராக்கெட்டைத் தொடுகிற வாய்ப் பக்கம் 2 முதல் 3 மில்லிமீட்டர் இடைவெளி பெரும்பாலான வண்டிகளுக்குச் சரி, ஒரு பத்து ரூபாய் நாணயம் தாராளமாக நுழைகிற அளவு என்று வைத்துக்கொள்ளலாம். உங்கள் வண்டிப் புத்தகத்தில் வேறு அளவு போட்டிருந்தால் அதுதான் சரி. பெரிய மாற்றத்தைக் கீழ் அட்ஜஸ்டரில் செய்துவிட்டு, மேலே இருப்பதை நுணுக்கத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இதில் ஒரு ஏமாற்று வேலை உண்டு. லூசை நிறைய விட்டுக் கொடுத்துவிட்டு “பாருங்க, கிளட்ச் பஞ்சு மாதிரி ஆயிடுச்சு” என்று வண்டியைத் தருகிறவர்கள் இருக்கிறார்கள். முதல் பாதி வெறும் காற்றைத்தான் இழுக்கிறீர்கள். கிளட்ச் முழுசாகப் பிரியாது, கியர் போடும்போது கடகடவென்று சத்தம் வரும், சிக்னலில் நியூட்ரல் விழாது. லூசே இல்லாமல் வைத்தாலும் கெடுதல், கிளட்ச் வழுக்கிப் பிளேட் கருகும்.

இவ்வளவும் முடிந்து தராசு காட்டியது நாலரைக்குக் கொஞ்சம் மேலே. எஞ்சின் பக்கம் திரும்பியது அதற்குப் பிறகுதான். அங்கே எனக்குத் தெரிந்த உண்மை, முன்பு பிளேட் மாற்றிய இடத்தில் கேட்காமலே கெட்டி ஸ்பிரிங் போட்டிருந்தார்கள். கீரிப்பாறை ஏற்றத்தில் கிளட்ச் வழுக்குகிறது என்று நான்தான் போய்ச் சொன்னேன், வழுக்கலுக்குக் காரணம் தேய்ந்த பிளேட், அதை மாற்றினாலே போதும். கெட்டி ஸ்பிரிங் ரேஸ் வண்டிக்கு. கம்பெனி ஸ்பிரிங்கையே திரும்பப் போட்டதில் தராசு நாலுக்கு வந்தது. அதற்காக இருக்கிற ஸ்பிரிங்கில் ஒன்றைக் கழற்றிவிடுவது, நீளத்தை வெட்டுவது, இந்தப் புத்திசாலித்தனமெல்லாம் செய்யாதீர்கள். டாப் கியரில் ஏற்றத்தில் ஆக்சிலேட்டரைக் கொடுத்தால் எஞ்சின் மட்டும் உறுமும், வண்டி நகராது. எண்ணெய் மாற்றும்போதும் கவனம், கிளட்ச் எஞ்சின் ஆயிலிலேயே குளிக்கிற வண்டிகளுக்கு டப்பாவில் ஜாசோ எம்ஏ (JASO MA) அல்லது எம்ஏ2 (MA2) என்ற தரக் குறி போட்ட பைக் ஆயில்தான். கார் ஆயில் ஊற்றினால் வழுக்கும், வழுக்கினால் யாராவது மறுபடி கெட்டி ஸ்பிரிங் போடுவார்கள்.

கிளட்ச் ஆர்மை நீட்டுகிற துண்டு ஒன்று விற்கிறார்கள், ஈசி கிளட்ச் என்ற பெயரில். லிவர் கணக்குதான், ஆர்ம் நீளமானால் பலம் குறைவாகப் போதும். ஆனால் கொடுத்தால்தான் கிடைக்கும், ஆர்ம் அதே அளவு திரும்ப இப்போது கம்பி அதிக தூரம் இழுபட வேண்டும். லிவருக்கு இருக்கிற தூரம் அதேதான். அதனால் கிளட்ச் கடைசி நூலில்தான் பிரியும், லூஸ் கொஞ்சம் கூடினாலும் கியர் கடிக்கும். மேலே சொன்னதெல்லாம் செய்த பிறகும் முடியவில்லை என்றால் மட்டும் போடுங்கள். புதிதாக வண்டி வாங்கப் போகிறவர்கள் ஸ்லிப் அண்ட் அசிஸ்ட் கிளட்ச் உள்ளதா என்று கேளுங்கள். 2018-ல் வந்த ராயல் என்ஃபீல்டு இன்டர்செப்டர் 650-ல் அது உண்டு. எஞ்சின் இழுக்கும்போது உள்ளே இருக்கிற சாய்வுப் பற்கள் தாமே பிளேட்டை அழுத்திக்கொள்வதால் ஸ்பிரிங் லேசாக இருந்தால் போதும்.

இதையெல்லாம் கேள்விப்பட்டு மாமா தன் வண்டியைக் கொண்டுவந்தார். அவருக்குக் குலசேகரம் பக்கம் ரப்பர் பால்வெட்டு, விடியுமுன்னே முந்நூறு மரத்துக்கு மேல் வெட்டிவிட்டு அதே கையோடு வண்டி எடுப்பார். நான் பந்தாவாகத் தராசை மாட்டினேன், மூன்றரைதான் காட்டியது, கேபிளும் வெண்ணெய் மாதிரி ஓடியது. கொஞ்ச நேரம் முழித்தேன். அப்புறம் அவர் உட்கார்ந்து பிடிப்பதைப் பார்த்தபோதுதான் புரிந்தது. மாமாவுக்குச் சின்னக் கை, குளிருக்கு இதமாக இருக்கட்டும் என்று கிரிப்புக்கு மேல் தடிமனான ஸ்பாஞ்ச் கவர் மாட்டியிருந்தார், விரல் நுனிதான் லிவரில் எட்டியது. நுனி விரலால் மூன்றரைக் கிலோ இழுப்பது, முழு விரல் மடித்து ஆறு கிலோ இழுப்பதைவிடக் கஷ்டம். கவரை உருவிப் போட்டு, லிவரைக் கீழே சாய்த்து, நாலு விரலும் வைக்கச் சொன்னேன். நிறுத்துகிற இடத்திலெல்லாம் கிளட்சைப் பிடித்தபடி நிற்காமல் நியூட்ரல் போடவும் சொன்னேன், அதற்கு அவர் தலையை மட்டும் ஆட்டினார். ராத்திரியில் விரல் மரத்துப்போகிறது என்றும் சொன்னதால், அது கிளட்ச் வேலை இல்லை, டாக்டரிடம் காட்டுங்கள் என்று அனுப்பினேன், நரம்பு நெருங்குகிற கோளாறாக இருந்தால் ஸ்பேனரால் சரியாகாது.

ஒரு வாரம் கழித்துப் போன் பண்ணினார். கிளட்ச் எப்படி இருக்கு மாமா என்றேன். “கிளச்சு கொள்ளாம் மக்ளே. அந்தப் பஞ்சு ஒறைய எங்க போட்ட? வெளுப்பான் காலத்துக்கு கை வெறைக்குவு.”